வேலூரிலிருந்து காமிக் கானுக்கு: செட்டாகப் போய்வர ஒரு வழிகாட்டி

காமிக்ஸ் ரசிகர்களும் ஓவியர்களும் கடைக்காரர்களும் ஒரே இடத்தில் கூடுகிற காமிக் கான் திருவிழா சென்னையில் முதன்முதலாக நடந்தது 2024 பிப்ரவரியில், நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில். அதற்கு நாங்கள் வேலூர்ப் பக்கத்திலிருந்து ஆறு பேர் போனோம். டெல்லியில் 2011-லிருந்தும் பெங்களூருவில் 2012-லிருந்தும் நடந்துகொண்டிருந்ததுதான், ஆனால் அதெல்லாம் எங்களுக்குப் படத்தில் பார்த்து ஏங்குகிற சமாச்சாரமாகவே இருந்தது. காட்பாடியில் ரயில் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம் என்ற தூரத்துக்கு அது வந்தபோது எங்களுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அதிலிருந்து சீசன் வந்தாலே குடியாத்தத்திலிருந்தோ ஆற்காட்டிலிருந்தோ யாராவது ஃபோன் பண்ணி, எப்படிப் போவது, என்ன எடுத்துக்கொண்டு போவது, எவ்வளவு செலவாகும் என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் சொன்னதை மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன்.

முதல் விஷயம், யாரோடு போகிறீர்கள் என்பது. இதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாகச் சொல்வேன். ஒரே வயசு, ஒரே ரசனை உள்ள நாலு பேர் சேர்ந்து போனால் நாலு பேரும் ஒரே கடை முன்னால் நின்று ஒரே பொம்மையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவீர்கள். எங்கள் செட்டில் குடியாத்தத்து மாமா ஒருவர், ஐம்பத்தைந்து வயசு, முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் என்கிற தமிழ் இதழ்கள் என்றால் உயிரை விடுவார். இரும்புக்கை மாயாவி கதைகளை வாடகைப் புத்தகக் கடையில் நாளைக்கு இவ்வளவு பைசா என்று கொடுத்துப் படித்தவர். காட்பாடியில் இன்ஜினியரிங் படிக்கிற தம்பிகள் இரண்டு பேர், அவர்களுக்கு மங்கா என்கிற ஜப்பான் காமிக்ஸும் அனிமே என்கிற ஜப்பான் கார்ட்டூன் படங்களும்தான் உலகம், தமிழில் காமிக்ஸ் வருகிறது என்பதே அவர்களுக்குத் தெரியாது. என் அக்கா மகள் பத்தாவது படிக்கிறாள், படம் வரைவாள். ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிற நண்பர் ஒருவர். அப்புறம் நான். இந்தக் கலவை தற்செயலாக அமைந்ததுதான், ஆனால் அடுத்த முறையிலிருந்து இதையே திட்டம் போட்டுச் செய்கிறோம்.

ஆகவே செட்டு சேர்க்கும்போதே பழைய ஆள் ஒருவர், புது ஆள் ஒருவர் என்று பார்த்துச் சேருங்கள். உள்ளே போனதும் இரண்டு இரண்டு பேராகப் பிரியுங்கள், அதிலும் பழையவரையும் புதியவரையும் ஜோடி சேருங்கள். மாமா காட்பாடித் தம்பியோடு போனார். தம்பி அவருக்கு மங்காவை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும் என்பதிலிருந்து ஆரம்பித்துச் சொல்லிக்கொடுத்தான். மாமா அவனுக்கு முத்து காமிக்ஸ் சிவகாசியில் 1972-ல் ஆரம்பித்தது, லயன் 1984-ல் வந்தது, ராணி காமிக்ஸும் அதே 1984-ல் வந்து 2005-ல் நின்றுபோனது, அப்போதெல்லாம் பஸ் ஸ்டாண்டு கடையில் இதழ் தொங்குகிறதா என்று வாரம் பூராவும் போய்ப் போய்ப் பார்த்தது எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். அந்தப் பையன் இப்போது லயனுக்குச் சந்தா கட்டியிருக்கிறான். மாமா ஒரு மங்கா தொடரில் பதினோராவது பாகம் வரைக்கும் வந்துவிட்டார்.

ஆறு பேரும் நாள் முழுக்க ஒன்றாகவே சுற்றலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். ஒருவர் கடையில் நிற்பார், ஒருவருக்குப் பசிக்கும், ஒருவரைத் தேடிக்கொண்டே அரை நாள் போய்விடும். உள்ளே நுழைந்தவுடன் கண்ணுக்குத் தெரிகிற, நகராத ஒரு இடத்தைக் குறித்துக்கொண்டு, மதியம் 1 மணிக்கும் மாலை 4 மணிக்கும் அங்கே வந்து நிற்க வேண்டும் என்று பேசிக்கொள்ளுங்கள். ஃபோன் பண்ணிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள், அவ்வளவு கூட்டத்தில் ஒரே டவரில் எல்லாரும் தொங்கும்போது கால் போகாது. சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப்போனால் ஒரு அட்டையில் பெரியவருடைய நம்பரை எழுதி அவர்கள் பாக்கெட்டில் வைத்துவிடுங்கள்.

சீட்டும் ரயிலும்

டிக்கெட் ஆன்லைனில்தான். முன்கூட்டியே வாங்கினால் விலை குறைவாக இருக்கும், நாள் நெருங்க நெருங்க ஏறும், அதனால் தேதி அறிவித்த வாரத்திலேயே வாங்கிவிடுங்கள். நுழைவுச்சீட்டோடு ஒரு காமிக்ஸ் இதழும் போஸ்டரும் கையில் கொடுப்பது வழக்கம், அதை எங்கே தருகிறார்கள் என்று வாசலிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் மறந்துபோகும். சனி, ஞாயிறு இரண்டு நாள் நடக்கும். ஒரு நாள்தான் முடியும் என்றால் சனிக்கிழமை போங்கள். கடைகளில் சரக்கு முழுசாக இருக்கும், வரைகிறவர்களும் களைத்துப்போகாமல் இருப்பார்கள். ஞாயிறு சாயங்காலம் சென்னையிலிருந்து பெங்களூரு பக்கம் போகிற ரயில்கள் எல்லாம் திங்கட்கிழமை வேலைக்குத் திரும்புகிற கூட்டத்தால் நிரம்பி வழியும், காட்பாடி வரைக்கும் நின்றுகொண்டே வர வேண்டியிருக்கும்.

ரயிலில் போகிறவர்கள், காட்பாடியிலிருந்து சென்ட்ரலுக்கு ஏறக்குறைய 130 கிலோமீட்டர், காலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வருகிற ஏலகிரி எக்ஸ்பிரஸைப் பிடித்தால் கதவு திறக்கிற நேரத்துக்குப் போய்விடலாம். முன்பதிவு இப்போது 60 நாளைக்கு முன்னால்தான் திறக்கிறது, முன்பு மாதிரி 120 நாள் கிடையாது, அதனால் தேதியைக் குறித்துவைத்துப் போக வர இரண்டுக்கும் சேர்த்துப் போட்டுவிடுங்கள். சென்ட்ரலில் இறங்கி மெட்ரோவில் ஆலந்தூர் வாருங்கள். கோயம்பேடு வழியாக வருகிற பச்சைத் தடம், அண்ணா சாலை வழியாக வருகிற நீலத் தடம், எதில் ஏறினாலும் ஆலந்தூர் வரும். அங்கிருந்து மவுண்ட்-பூந்தமல்லி சாலையில் பஸ்ஸோ ஆட்டோவோ பிடித்தால் நந்தம்பாக்கம் பக்கம்தான்.

பஸ்ஸில் போகிறவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். வேலூரிலிருந்து சென்னை போகிற பஸ் ராணிப்பேட்டை, ஸ்ரீபெரும்புதூர் தாண்டி பூந்தமல்லி வழியாகத்தான் ஊருக்குள் நுழையும். பூந்தமல்லியிலேயே இறங்கிவிடுங்கள். அங்கிருந்து போரூர், ராமாபுரம், நந்தம்பாக்கம் வழியாக கிண்டிக்குப் போகிற மாநகரப் பேருந்து, 54 வரிசையில் வரும், அதில் ஏறினால் வர்த்தக மையத்து வாசலிலேயே இறங்கலாம். கோயம்பேடு வரைக்கும் போய்ச் சுற்றி வருவது வீண். ஆனால் அந்தச் சாலையில் மெட்ரோ வேலை நடந்து நெரிசல் கட்டிக்கொண்டிருப்பதால், ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

பெங்களூருக்குப் போவதாக இருந்தால் அங்கே பல வருடமாக ஒயிட்ஃபீல்டில் உள்ள கே.டி.பி.ஓ. வளாகத்தில்தான் நடத்தியிருக்கிறார்கள். அது நமக்கு வசதி, ஏனென்றால் காட்பாடியிலிருந்து போகிற ரயில் பெங்களூரு நகரத்துக்குள் நுழைவதற்கு முன்னாலேயே ஒயிட்ஃபீல்டு வந்துவிடும். அங்கே நிற்கிற ரயிலாகப் பார்த்துப் போட்டால், ஸ்டேஷனை ஒட்டியே மெட்ரோ இருக்கிறது, சில நிறுத்தங்கள்தான்.

வேஷம் போடுகிறவர்களுக்கு

காஸ்ப்ளே, அதாவது பிடித்த பாத்திரம் மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு போவது, அதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நம் ஊர்க்காரர்களுக்கு இருக்கிற வசதி சென்னைக்காரர்களுக்குக் கிடையாது. கவசம், கையுறை, வாள், சம்மட்டி என்று காமிக்ஸ் நாயகர்கள் மாட்டிக்கொண்டு வருவதையெல்லாம் உலகம் முழுக்க எதில் செய்கிறார்கள் என்று தேடிப் பாருங்கள். ஈ.வி.ஏ. ஷீட். எத்திலின் வினைல் அசிட்டேட் என்கிற நுரைப் பொருள். அது என்ன என்று நான் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது ராணிப்பேட்டை நண்பர், "அது நம்ம ஷூ சோல்டா, எங்க கம்பெனியில மலை மாதிரி கிடக்கு" என்றார். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, இங்கெல்லாம் செருப்பு, ஷூ தைக்கிறவர்களுக்குச் சாமான் விற்கிற கடைகள் இருக்கின்றன. காஸ்ப்ளே கடையில் போய் விலை கொடுக்காதீர்கள், இங்கே போய் ஈ.வி.ஏ. ஷீட் என்று கேளுங்கள், மில்லிமீட்டர் கணக்கில் எடுத்துப் போடுவார்கள்.

மார்புக் கவசத்துக்கு 5 அல்லது 6 மில்லிமீட்டர் போதும். மேலே வைக்கிற பட்டை, பூவேலை, ஆணித்தலை மாதிரி அலங்காரத்துக்கு 2 மில்லிமீட்டர். வாள், சம்மட்டிக்கு 10 மில்லிமீட்டரை இரண்டு அடுக்காக ஒட்டி நடுவில் ஒரு பிவிசி குழாயைக் கொடுங்கள், வளையாது. முதலில் பழைய செய்தித்தாளில் உடம்பு அளவுக்கு வெட்டி, செல்லோ டேப் போட்டு மாட்டிப் பார்த்து, சரியாக உட்கார்ந்த பிறகுதான் ஷீட்டில் கத்தி வைக்க வேண்டும். கட்டர் பிளேடு புதுசாக இருக்க வேண்டும், முனை மழுங்கியதும் உடைத்துப் போட்டுவிட்டு அடுத்த முனைக்குப் போய்விடுங்கள், மழுங்கிய பிளேடு ஷீட்டைக் கிழித்துப் பிசிறாக்கிவிடும்.

ஒட்டுவதற்கு நம் ஊரில் செருப்பு, ஷூ தைக்கிறவர்கள் போடுகிற சொல்யூஷன் என்கிற பசைதான். இரண்டு பக்கமும் மெல்லியதாகத் தடவி, பத்து நிமிஷம் காய விட்டு, விரலால் தொட்டால் ஒட்டாத பதம் வந்ததும் ஒரே தடவையில் வைத்து அழுத்த வேண்டும். வைத்த பிறகு நகர்த்த முடியாது, அதனால் சேர வேண்டிய இடத்தில் பேனாவால் முன்பே கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னல் கதவெல்லாம் திறந்து வைத்து அல்லது மொட்டை மாடியில் உட்கார்ந்து செய்யுங்கள், அந்த நெடி தலைவலி கொடுக்கும், பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். ஒட்டியதும் சூடான காற்று ஊதுகிற ஹீட் கன் வைத்து மேலோட்டமாகச் சூடு காட்டினால் மேல்பரப்பில் உள்ள பொடி ஓட்டைகள் மூடி லேசாகப் பளபளப்பு வரும், அதே சூட்டில் முழங்காலில் வைத்து வளைத்தால் அந்த வளைவு நிற்கும். அதன் மேல் ஃபெவிகாலில் தண்ணீர் கலந்து மூன்று நாலு பூச்சு, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது. அப்புறம் அக்ரிலிக் பெயின்ட். இந்தப் பூச்சு இல்லாமல் நேராகப் பெயின்ட் அடித்தால் ஷீட் குடித்துக்கொண்டே இருக்கும், நிறம் நிற்காது. பெல்ட், தோள்பட்டை வாருக்கு, வெட்டி மிச்சமான துண்டுத் தோலைக் கேட்டு வாங்குங்கள். அசல் தோல் தருகிற எடையையும் மடிப்பையும் ரெக்சின் தராது.

என் அக்கா மகள் இப்படித்தான் ஒரு கவசம் செய்தாள். ராணிப்பேட்டை நண்பர் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து உட்கார்ந்து வெட்டிக் கொடுத்தார், அவருக்கு ஷூவின் மேல்பாகம் வெட்டுகிற கை. மூன்று வாரம் பிடித்தது. அங்கே போன பிறகு சென்னைப் பிள்ளைகள் சுற்றி நின்று இந்த ஓரம் எப்படி இவ்வளவு சுத்தமாக வந்தது என்று கேட்டபோது அந்த மனிதருடைய முகத்தைப் பார்க்க வேண்டும், இருபது வருஷமாகக் கம்பெனியில் செய்கிற வேலையைப் பற்றி அதுவரை யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை.

வேஷத்தை ரயிலில் போட்டுக்கொண்டு போகாதீர்கள், கழற்றி மாட்டுகிற மாதிரி துண்டு துண்டாகச் செய்து வெல்க்ரோ வைத்துச் சேருங்கள், பெரிய பெட்ஷீட்டில் மூட்டையாகக் கட்டி மேல் பெர்த்தில் வைத்துவிடலாம். இரும்புக் கத்தி, கூர்முனை, கண்ணாடி, நிஜத் துப்பாக்கி மாதிரி இருக்கிற பொருள் இதற்கெல்லாம் வாசலில் தடை இருக்கும், அந்த வருட விதிமுறையைப் படித்துவிட்டுச் செய்ய ஆரம்பியுங்கள். வேஷத்துக்கு உள்ளே பருத்தி பனியன் போட்டுக்கொள்ளுங்கள். ஊக்கு, ஊசி நூல், சின்ன டியூப் பசை, இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப், இவை இல்லாமல் வீட்டை விட்டுக் கிளம்பவே கூடாது. வேஷம் போட்டவரைப் படம் எடுக்க வேண்டுமென்றால் கேட்டுவிட்டு எடுங்கள், தோளில் கை போடுவதையும் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும். பெண் பிள்ளைகளைப் பின்னாலிருந்து படம் எடுக்கிற ஆட்கள் இருக்கிறார்கள், செட்டில் ஒருவர் எப்போதும் அவர்கள் பக்கத்திலேயே இருங்கள்.

உள்ளே போன பிறகு

முதல் சுற்றில் எதையும் வாங்காதீர்கள். கையைக் கட்டிக்கொண்டு ஒரு முழுச் சுற்று வாருங்கள். வாசல் பக்கத்தில் டி-ஷர்ட், பொம்மை, சாவிக்கொத்து என்று பளபளப்பாக இருக்கும், அதெல்லாம் ஆன்லைனிலும் கிடைக்கிற பொருள். நீங்கள் போக வேண்டியது ஓவியர்கள் வரிசையாக மேஜை போட்டு உட்கார்ந்திருக்கிற பகுதிக்கு. சொந்தமாக வரைந்து, சொந்தக் காசில் அச்சடித்து, தானே உட்கார்ந்து விற்கிறவர்கள் அவர்கள். அந்தப் புத்தகம் வேலூரில் எந்தக் கடையிலும் வராது. எனக்குக் கேட்டால் காமிக் கான் என்பதே அந்த வரிசைதான்.

அவர்களிடம் எப்படிப் பேசுவது என்று நம் பிள்ளைகள் தயங்குகிறார்கள், இங்கிலீஷ் வராது என்று. தமிழிலேயே பேசுங்கள், சென்னையில் பாதிப் பேருக்குத் தமிழ்தான். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, பிடித்த ஒரு பக்கத்தைக் காட்டி, இந்தப் பக்கத்தை எதில் வரைந்தீர்கள், பேப்பரிலா டேப்லெட்டிலா, எவ்வளவு நாள் ஆனது என்று கேளுங்கள். அதற்குப் பிறகு அவர்களே பேசுவார்கள். ஆள் நின்று வரையச் சொல்லி வாங்குகிற படம் வேண்டுமென்றால் காலையிலேயே சொல்லிப் பணம் கொடுத்துவிடுங்கள், மதியத்துக்கு மேல் ஆர்டர் எடுக்க மாட்டார்கள். நீங்களே வரைகிறவர் என்றால் பத்துப் பக்கத்துக்கு மேல் போகாமல் உங்கள் படங்களை ஒரு ஃபைலில் போட்டு எடுத்துப் போங்கள். அக்கா மகள் இரண்டு ஓவியர்களிடம் காட்டினாள், ஒருவர் கை விரல்களை மறைத்து மறைத்து வரைகிறாய், ஒரு மாதம் கைகளை மட்டும் வரை என்று சொல்லி அனுப்பினார். அவள் இப்போதும் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கமெல்லாம் கையாக வரைந்துகொண்டிருக்கிறாள்.

பழைய தமிழ் இதழ்கள் தேடுகிறவர்கள் இங்கே அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். லயன், முத்து மறுபதிப்புகளும் புது இதழ்களும் மொத்தமாக வேண்டுமென்றால் சென்னைப் புத்தகக் காட்சிக்கோ ஆகஸ்ட் மாதம் ஈரோடு புத்தகத் திருவிழாவுக்கோ போவதுதான் சரி. ஆனால் உங்களிடம் உள்ள பழைய இதழ் ஒன்றிரண்டைப் பையில் எடுத்துப் போங்கள். மாமா ஒரு பாக்கெட் சைஸ் இதழை, முனையெல்லாம் மடங்கினது, கையில் வைத்துக்கொண்டு நின்றார். அதைப் பார்த்து மூன்று பேர் வந்து பேசினார்கள், ஒருவர் திருவண்ணாமலை, ஒருவர் ஆரணி. இன்றைக்கும் அவர்களோடு இதழ் மாற்றிக்கொள்கிறார்.

பணத்தை ரொக்கமாகவும் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள். நெட்வொர்க் இல்லாமல் ஜிபே சுற்றிக்கொண்டே நிற்கும்போது ஐம்பது, நூறு நோட்டுதான் காப்பாற்றும். ஆளுக்கு ஒரு தொகையைக் கவரில் போட்டு, அது தீர்ந்தால் அவ்வளவுதான் என்று வைத்தால் திரும்பி வருகிற பஸ் காசு மிஞ்சும். சாப்பாடு உள்ளே விலை அதிகம், வரிசையும் நீளம். வெளிச்சாப்பாட்டை உள்ளே விட மாட்டார்கள் என்று வைத்துக்கொண்டு, புளி சாதம், முட்டை என்று கட்டி ரயிலிலேயே வயிறு நிறையச் சாப்பிட்டுவிடுங்கள். பவர் பேங்க் செட்டுக்கு இரண்டு.

வாங்கினதைக் கொண்டுவருவது

இதில் நான் ஒரு முறை நஷ்டப்பட்டிருக்கிறேன். கையெழுத்து வாங்கிய புத்தகத்தையும் தண்ணீர் பாட்டிலையும் ஒரே பையில் போட்டு, மூடி சரியாக மூடாமல், அரக்கோணம் தாண்டும்போது பார்த்தால் அட்டை முழுக்க நனைந்து மை பரவியிருந்தது. அன்றிலிருந்து தண்ணீருக்குத் தனிப் பை. புத்தகங்களுக்கு, கெட்டி அட்டையை இதழ் அளவுக்கு வெட்டி இருபது எடுத்துப் போங்கள், ஒவ்வொரு மெல்லிய இதழையும் ஒரு அட்டையோடு சேர்த்து பிளாஸ்டிக் உறையில் போட்டால் முதுகு மடங்காது. போஸ்டரை மடிக்கவே கூடாது. துணிக்கடையில் துணி சுற்றி வருகிற அட்டைக் குழாயைத் தூக்கித்தான் போடுவார்கள், கேட்டால் சும்மா தருவார்கள், அதை ஒன்றரை அடி நீளத்துக்கு அறுத்து, இரண்டு பக்கமும் பாலித்தீன் வைத்து ரப்பர் பேண்டு போட்டால் போஸ்டர் வைக்க அதைவிட நல்ல பொருள் கிடையாது. குழாய் மேல் ஊர் பெயரையும் உங்கள் பெயரையும் எழுதிவையுங்கள், எல்லார் கையிலும் ஒரே மாதிரி குழாய்தான் இருக்கும்.

வர்த்தக மையத்திலிருந்து ரயிலுக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு முன்னால் கிளம்பிவிடுங்கள். கடைசி நேரத்தில் அந்த ஒரு கடையை மட்டும் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஒருவர் சொல்வார், விடாதீர்கள்.

ரயிலில் உட்கார்ந்ததும் வாங்கியதையெல்லாம் எடுத்து மடியில் பரப்பிப் பாருங்கள். யார் எதை வாங்கினார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி, யார் முதலில் படிப்பது, அடுத்து யாருக்குப் போக வேண்டும் என்று அப்போதே வரிசை போட்டுவிடுங்கள். காட்பாடியில் இறங்கி ஆளுக்கொரு பக்கம் பிரிந்துவிட்டால் பிறகு அது நடக்காது. எங்களுக்கு ஒரு புத்தகத்துக்கு இரண்டு வாரம் கணக்கு. குடியாத்தம் போகிறதை மாமா பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடச் சொல்வார், ராணிப்பேட்டைக்கு நண்பர் வேலை முடிந்து வரும்போது வாங்கிக்கொள்வார். போன முறை வாங்கியதில் இரண்டு புத்தகம் இன்னும் சுற்றில்தான் இருக்கிறது, அடுத்த காமிக் கானுக்குள் அது என் கைக்கு வந்துவிடும்.